எந்த ஓம்?

அவர் எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்த மூன்றாம் நாள் என் மனைவி மீன்குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, உப்புக் காணுமோ?"

"ஓம்."

"கூடிப்போச்சோ?"

"ஓம்."

"காணுமோ, கூடிப்போச்சோ? ஒண்டைச் சொல்லுமன்."

"ஓம், அக்கா" என்று தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பிடியை வாயில் வைத்தார்.

அவர் கைகழுவப் போனபிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உந்த மனுசன் ஓம் எண்டா கேட்டுது எண்டுதான் அர்த்தம், பாருங்கோ. தபால் கிடைச்சுது எண்டு கையெழுத்து வைக்கிற மாதிரி. உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு அவருக்குத் தெரியாது."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம்; எல்லோரிடமும் இந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. போனில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சொல்லாவிட்டால் "ஹலோ, நிக்கிறியளோ?" என்று கேட்பார்கள். ஆனால் இவரிடம் அது பழக்கத்தையும் தாண்டி மூச்சுப்போல இருந்தது. மனைவி அதை வகைபிரித்தே வைத்திருந்தாள். நீட்டிச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்கிறார். வெட்டிச் சொன்னால் நினைவு வேறெங்கோ நிற்கிறது. இரண்டு தரம் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் விளங்கவில்லை, தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். கோயிலில் கும்பிடும்போது நாம் சொல்லும் ஓமுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சில நேரம் இருக்கிறதோ என்றும் யோசித்திருக்கிறேன். இரண்டும் பயந்த மனம் பிடித்துக்கொள்ளும் சொல்தானே.

ஆங்கிலத்தில் அந்த ஓம் "யெஸ், யெஸ்" ஆகிவிட்டது. ஒருநாள் வாசலில் வந்து நின்ற ஒருவனிடம் அவர் நான்கைந்து தரம் யெஸ் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேர் பெரிய மெசினோடு வந்து எங்கள் முன்னறையில் விரித்திருந்த கம்பளத்தைக் கழுவத் தொடங்கினார்கள். மனைவி கதிரைகளைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினாள். இவர் மூலையில் நின்று அவர்களுக்கும் யெஸ், யெஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்த அடுத்த வருடம் படகில் இந்த நாட்டுக்கு வந்தவர். ஏறக்குறைய இரண்டு வருடம் தடுப்பு முகாம்களில் வைத்திருந்துவிட்டு, தற்காலிக விசா ஒன்றைக் கையில் கொடுத்து வெளியே விட்டார்கள். கேரம் டவுன்ஸ் கோயிலில் தெரிந்த ஒருவர் என்னிடம் கேட்டார். டண்டினொங்கில் எங்கள் வீட்டின் பின்னறை சும்மா கிடந்தது. முருகன் அனுப்பிய ஆள் என்று நினைத்துக் கூட்டிவந்தேன். அப்போது நாற்பது வயது இருக்கும். மனைவியும் ஒரு மகளும் கிளிநொச்சியில். அந்த விசா வெறும் கடுதாசிதான். எந்த நேரமும் அதைப் பறிக்கலாம். பறித்தால் திரும்பவும் முகாம், பிறகு விமானம், அங்கே இறங்கியதும் யார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று தெரியாத ஒரு வாசல். அதை நினைத்து அவர் ரோட்டில் பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடப்பார்.

பகலில் மரக்கறி பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆனால் அவர் உண்மையில் லேத்காரர். இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து உருவம் எடுக்கிற வேலை. வன்னியில் சொந்தமாக ஒரு லேத் வைத்திருந்தாராம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வேர்ணியர் அளவுகோல் இருக்கும். சாப்பாட்டு மேசையில் இருக்கும்போதே கரண்டிக் காம்பை அளப்பார். மனைவியின் இடியப்ப உரலில் துளைத்தட்டு தேய்ந்துபோனபோது அதை ஒருநாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மறுநாள், தொழிற்சாலைப் பட்டறையில் அவரே செய்த புதுத் தட்டு வந்தது. அன்றைய இடியப்பம் நூல்போல இறங்கியது. மனைவி அவரோடு இரண்டு நாள் மரியாதையாகப் பேசினாள்.

அதைப் பார்த்துத்தான் நான், மூடிய தொழிற்சாலை ஒன்றிலிருந்து தள்ளிவிட்ட ஒரு சின்ன லேத்தை எங்கள் கராஜுக்குள் கொண்டுவர உதவினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சனி ஞாயிறுகளில் அக்கம்பக்கத்தார் உடைந்த சாமான்களோடு வந்தார்கள். புல்வெட்டி, சைக்கிள், கேற்றுப் பிணைச்சல். சாமானை நீட்டுவார்கள். அவர் வாங்கி, திருப்பிப் பார்த்து, அளந்து, "யெஸ், யெஸ்" என்பார். என்னத்துக்கு என்று மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டார்.

நான் ஒருமுறை கேட்டேன். "ஏன் தம்பி, இது எதிலை பூட்டிற சாமான் எண்டு கேட்டாலென்ன? தெரிஞ்சால் வேலை இன்னும் நல்லா வருமெல்லே?"

அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தார். "அங்க சாமான் கொண்டு வாறவையிட்ட கேக்கிறதில்லை, அண்ணை. இயக்கம் கொண்டு வந்தாலும் கேக்கக்கூடாது. பிறகு ஆமி கொண்டு வந்தாலும் கேக்கக்கூடாது. கேட்ட ஆள் ஒராள் இருந்தவர்."

"அவர் இப்ப எங்க?"

"ஓம்" என்றார். வெட்டித்தான் சொன்னார். நான் மேலே கேட்கவில்லை.

பிறகு தாடிக்காரன் வந்தான். இந்த நாட்டுக்காரன். பின்தட்டு வைத்த வாகனத்தில் வருவான், நல்ல சிரிப்பு, எனக்கும் கைகாட்டுவான். பெருவிரல் அளவில் ஒரு உலோகத் துண்டைக் கொண்டுவந்தான். இதேபோல வேண்டும் என்றான். நான் கராஜ் வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கிய ஆங்கிலத்தில், சாயக்குண்டு சுடுகிற விளையாட்டுத் துவக்குக்கு என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. பெரிய ஆட்களும் விளையாடுகிற நாடுதானே என்று ஊசியைக் குத்திக்கொண்டிருந்தேன். பிறகும் அவன் வந்துபோனான். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

பொலிஸ் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் குளித்துத் திருநீறு பூசி, சாமியறையில் கற்பூரம் கொளுத்தியிருந்தேன். எட்டுப் பேர் இருக்கும். ஒரு பொலிஸ்காரப் பெண் சாமியறை வாசலில் நின்று, சப்பாத்தைக் கழற்றவேண்டுமா என்று என்னைக் கேட்டாள். கழற்றுங்கள் என்றேன். கழற்றிவிட்டு வந்து முருகன் படத்தைத் தூக்கி அதன் பின்னால் பார்த்தாள். கழற்றினாளே என்று நன்றி சொல்வதா, தூக்கினாளே என்று அழுவதா என்று தெரியாமல் நின்றேன். முன்வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்தபடியே மறந்துபோய் எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கராஜில் இரும்புத்தூளைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் தாடிக்காரன் வீட்டில் இரண்டு துண்டுகள் ஏற்கனவே அகப்பட்டிருந்தன. யார் செய்தது என்று அவன் சொல்லிவிட்டான். இவரைக் கூட்டிப்போகும்போது நான் "தம்பி, பயப்படாதையும்" என்றேன். "ஓம், ஓம்" என்றார். இரண்டு தரம்.

அந்தத் துண்டு என்னவென்று வக்கீல் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அரசாங்கம் இலவசமாகத் தந்த வக்கீல். இளம் பெண், வெள்ளைக்காரப் பிள்ளை, பொறுமையாக விளங்கப்படுத்தினாள். சாதாரண பிஸ்டலில் ஒருதரம் விசையை அழுத்தினால் ஒரு குண்டு. இந்தத் துண்டைச் சேர்த்துவிட்டால், விரலை எடுக்கும்வரை குண்டு போய்க்கொண்டே இருக்கும். அதனால் பக்கத்தில் துவக்கே இல்லாவிட்டாலும் இந்தத் துண்டே சட்டத்துக்குத் துவக்கு மாதிரி. செய்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். பல வருடம் சிறை.

"என்னவென்று தெரியாமல் செய்திருந்தால்?" என்று கேட்டேன்.

"அதில்தான் வழக்கே இருக்கிறது" என்றாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். "ஆனால் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார்."

பொலிஸ் எடுத்த வீடியோவை மடிக்கணினியில் காட்டினாள். இவர் கதிரையின் நுனியில் இருக்கிறார். கைகள் இரண்டும் தொடைகளுக்கு நடுவில். ஆங்கிலம் விளங்குமா என்று கேட்கிறார்கள். யெஸ், யெஸ். அதோடு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும் கதை முடிந்தது. இது நீ செய்ததா? யெஸ். பிஸ்டலில் பூட்டுவதென்று தெரியுமா? யெஸ், யெஸ். குற்றம் என்று தெரிந்துதான் செய்தாயா? யெஸ், யெஸ்.

"பிள்ளை, இது யெஸ் இல்லை. இது ஓம்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உப்பிலிருந்து தொடங்கிக் கம்பளம் வரைக்கும் சொன்னேன். அவள் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டாள். முடிவில் பொலிஸ்காரர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று: உன்னை யாராவது மிரட்டினார்களா, வெருட்டினார்களா?

"யெஸ்" என்றார் இவர்.

பொலிஸ்காரரே அதைக் கவனிக்கவில்லை. கேள்வித்தாளை மடித்துவிட்டார். வக்கீல் பிள்ளை மேசையில் தட்டினாள். எல்லா யெஸ்ஸும் யெஸ் என்றால் இதுவும் யெஸ், அப்படியானால் வெருட்டி வாங்கிய வாக்குமூலம். இது யெஸ் இல்லையென்றால் எதுவும் யெஸ் இல்லை. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் வீடியோ நிற்காது என்றாள்.

ஆனால் விசாவுக்கு அந்த நியாயமெல்லாம் தேவைப்படவில்லை. குற்றம் சாட்டினாலே போதும், நிரூபிக்கவேண்டியதில்லை. நீதிமன்றம் பிணை கொடுத்த அன்றே விசாவைப் பறித்து, நீதிமன்ற வாசலிலிருந்தே முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கதவு திறக்க மற்றக் கதவு பூட்டியது.

முகாமில் பார்க்கப் போனால் பைகளைத் தட்டிப்பார்த்து, கையில் ஒரு பட்டை கட்டி உள்ளே விடுவார்கள். சட்டைப் பையில் வேர்ணியர் இல்லாமல் அவரை முதன்முதலாக அங்கேதான் பார்த்தேன். விரல்கள் அந்தப் பையைத் தடவிக்கொண்டிருந்தன. வழக்குக்கு முந்தின வாரம், மனம் கேளாமல் நேரே கேட்டேன்.

"தம்பி, நான் உமக்காகச் சாட்சி சொல்லப்போறன். முருகன் அறிய ஒண்டைக் கேக்கிறன். அது என்ன சாமான் எண்டு உமக்குத் தெரியுமோ?"

அவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓம், அண்ணை" என்றார்.

நீட்டவில்லை. வெட்டவுமில்லை. ஒரு தரம்தான். மனைவியின் வகை ஒன்றுக்குள்ளும் அது அடங்கவில்லை. இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் எங்கள் சமயப் புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். ஓம் பற்றிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். உப்புக் கதைக்கு நீதிபதி அம்மா சிரித்துவிட்டு வாயைக் கையால் மறைத்தார். பிறகு அரச தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா?"

இல்லை என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வக்கீல் பிள்ளையைப் பார்த்தேன். இதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"கேட்டனான்" என்றேன்.

"என்ன சொன்னார்?"

"ஓம் எண்டு சொன்னார்."

"அது தெரியும் என்ற ஓமா, கேட்டது என்ற ஓமா?"

"ஐயா, ஒரு வருசம் ஒரு மேசையிலை சாப்பிட்டனாங்கள். எனக்கே தெரியேல்லை."

அவரைக் கொண்டுபோய் விழுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கைகட்டி இருந்தார். ஆனால் அந்தச் சொல்தான் அவரைக் காப்பாற்றியது. ஒரே வீட்டில் இருந்த மனிதருக்கே தெரியாதது, மொழி தெரியாத பொலிசுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, நீதிபதி அம்மா வீடியோவை ஏற்கமாட்டேன் என்று தள்ளினார். அது போனபிறகு மிச்சம் இருந்தது தாடிக்காரனின் வாய்ச்சொல் ஒன்றுதான். அரச தரப்பு வழக்கை மீளப்பெற்றது. வக்கீல் பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அன்று பின்னேரம் அவர் திரும்பவும் முகாமுக்குத்தான் போனார். வழக்கு முடிந்தது வேறு, விசா வேறு என்றார்கள். அதை அமைச்சர் பார்க்கவேண்டுமாம். எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு நான் முகாமுக்குச் சந்தோசமாகப் போனேன். கோயில் அருச்சனைத் திருநீறு கொண்டுபோய்ப் பூசிவிட்டேன். "பாத்தீரோ, நீர் சொன்ன யெஸ் எல்லாம் சும்மா எண்டு கோர்ட்டே சொல்லிப்போட்டுது" என்று பகிடியாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "எல்லாம் இல்லை, அண்ணை."

"என்ன?"

"கடைசிக் கேள்வி. த்ரெட்டன் எண்டு கேட்டவை. அந்தச் சொல்லு எனக்குத் தெரியும். அகதி விண்ணப்பத்திலை எத்தினை இடத்திலை அது கிடக்கு. உன்னை ஆர் த்ரெட்டன் பண்ணினது, எப்ப பண்ணினது, எத்தினை தரம். எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரே இங்கிலிஸ் சொல்லு அதுதான். அதுக்கு மட்டும் விளங்கித்தான் யெஸ் சொன்னனான்."

"ஆர் வெருட்டினது?"

"தாடிக்காரன்."

முதல் இரண்டையும் விளையாட்டுச் சாமான் என்று நம்பித்தான் செய்தாராம். மூன்றாம் முறை வந்தபோது அவன் சிரித்துக்கொண்டே போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறான், அந்தத் துண்டைப் பூட்டிய பிஸ்டலால் அவனே சுடுகிற வீடியோ.

"ஒருக்கா அமத்தினான், அண்ணை. சத்தம் நிக்கேல்லை. எனக்கு முள்ளிவாய்க்கால் வந்துபோச்சு. ஏலாது எண்டு கையாலை காட்டினனான். அவன் சிரிப்பை விட்டிட்டு, உன்ர விசா எப்பிடியெண்டு எனக்குத் தெரியும், ஒரு போன் காணும் எண்டு கையாலையும் காட்டினான்."

"பிறகு?"

"செய்து குடுத்தனான்."

நாங்கள் இருந்த மேசைக்கு மேல் கமரா ஒன்று இருந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன். "வக்கீல் பிள்ளையிட்டச் சொல்லுவம். வெருட்டினவன் எண்டு சொன்னா..."

"சொன்னா, தெரிஞ்சு செய்தது எண்டும் சொல்லவேணும். மூண்டு செய்தது எண்டும் சொல்லவேணும்." அவர் மேசை விளிம்பின் தடிப்பை விரல்களுக்கிடையில் வைத்து அளந்துகொண்டிருந்தார். "பொலிஸ் எடுத்தது ரெண்டு."

"மற்றது?"

"வேற ஒருத்தன் காரிலை வந்து வாங்கிக்கொண்டு போனவன். முகம் பாக்கேல்லை."

"இதை ஏன் தம்பி அண்டைக்குச் சொல்லேல்லை? நான் கேட்டனான்தானே?"

"நீங்கள் சத்தியம் பண்ணப்போற ஆள். தெரிஞ்சிருந்தா அங்க நிண்டு பொய் சொல்லவேணும். இல்லாட்டி என்னை அனுப்பவேணும். ரெண்டும் உங்களுக்குக் கூடாது எண்டுதான் ஓம் எண்டதோடை விட்டனான்."

அடுத்த மாதம் அவரை வேறு மாநிலத்து முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இப்போது எங்கே, வெளியிலா உள்ளேயா, இந்த நாட்டிலா அந்த நாட்டிலா என்று நான் எழுதப்போவதில்லை. பெயரையும் எழுதவில்லை. ஏன் என்று வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்.

பொலிசுக்கு நான் சொல்லியிருக்கவேண்டும். ஒருமுறை போனைக் கையில் எடுத்து, அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வர, வைத்துவிட்டேன். அவர் மகளைச் சொல்கிறேன். எங்கள் போனில்தான் தகப்பனோடு கதைப்பாள். மூன்றாவது துண்டு இருக்கிற இடம் அவருக்கே தெரியாது, சொல்லி என்ன பிரயோசனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை. அப்படி ஒன்று வெளியே திரிகிறது என்று தெரிந்தாலே தேடுவார்கள். முருகனிடம் இதைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை.

பின்னேரச் செய்தியில் எங்காவது துவக்குச் சூடு என்று வரும். முன்பெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். இப்போது இருந்து கேட்கிறேன்.

"எத்தினை வெடி எண்டு சொன்னவங்கள்?" என்று மனைவியிடம் கேட்பேன்.

"உங்களுக்கு ஏன் உந்தக் கணக்கு?" என்பாள். அவளுக்கு நான் சொல்லவில்லை.

ஒரு வெடி, இரண்டு வெடி என்று சொன்னால், அந்தத் துண்டு இல்லை என்று என் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடுகிறது. திரையில் மஞ்சள் நாடா கட்டிய வாசல் ஒன்றைக் காட்டுவார்கள். அங்கே யாரோ ஒரு தாயின் பிள்ளை விழுந்து கிடக்கிறது. நான் தேநீரை எடுத்துக் குடிக்கிறேன்.